வேலை போனாலும் கூரை போகக் கூடாது: கடை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய கடைகளையும் கடைத்தொடர்களையும் நடத்தும் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

விற்பனைப் பணியாளர்களுக்கு நிறுவனமே தங்குமிடம் தருவது நல்ல காரியம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. கடைவீதிக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்கக் கடைச் சம்பளம் போதாது. கல்லாவை ஒப்படைத்து, கலைந்த சரக்கை அடுக்கி, ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு முன்பணம் கேட்காமல் அறை தருபவர்கள் அரிது. இந்த நிலையில் ஒரு கட்டில் கிடைப்பதே பெரிய ஆறுதல். நானும் ஒரு நிறுவன விடுதியில் தங்கிக் கடையில் வேலை பார்த்தவள் என்பதால் அந்த ஆறுதலை அறிவேன். அதற்குக் கொடுத்த விலையையும் அறிவேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வேலையைத் தரும் கையிலேயே தங்குமிடத்தின் சாவியும் இருக்க வேண்டாம்.

எங்கள் விடுதியில் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று காப்பாளர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். மறுநாள் காலை அந்த நோட்டு கடை மேற்பார்வையாளரின் மேசையில் இருக்கும். வார விடுப்பில் வெளியே போய்ச் சற்றுத் தாமதமாகத் திரும்பியவளுக்கு அடுத்த வாரம் எந்தத் தளத்தில் வேலை என்பதை அந்த நோட்டே முடிவு செய்தது. காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டால் அறைக்கே ஆள் வந்து பார்ப்பார். யாராவது வேலைக்கு வராவிட்டால், "நீ பக்கத்தில்தானே இருக்கிறாய்" என்று எங்களைக் கூப்பிடுவார்கள். நாள் முழுவதும் நின்ற கால்களை நீட்டிப் படுத்த பிறகும் நாங்கள் பணியில்தான் இருந்தோம். மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை. வெளியில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற ஒரு பயம் மட்டும்தான். எங்களுக்கு இரண்டு பயங்கள்.

அந்த இரண்டாவது பயம் உண்மையானதை ஒருநாள் பார்த்தோம். என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் கல்லாவில் இரவுக் கணக்கு குறைந்தது. விசாரணை என்றார்கள். ஆனால் விசாரணை தொடங்குவதற்கு முன்பே, அன்றிரவே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். திருப்பித் தர வேண்டிய சீருடைகளை அவள் துவைத்து, மடித்து, கட்டிலின் மேல் அடுக்கி வைத்துவிட்டுப் பெட்டியோடு போனாள். ஒரு வாடிக்கையாளருக்கு விற்ற சரக்கு கணினியில் இரண்டு முறை பதிவானதுதான் குறைவுக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல யாரிடமும் அவளுடைய புது முகவரி இல்லை. அவள் வெளியில் குடியிருந்திருந்தால் மறுநாள் காலை வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பாள்.

இந்த முறை கடைத்தொழிலுக்குப் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் துணிக்கடைகளில் விற்பனையாளர்கள் கடைக்கு மேலேயே, முதலாளி தரும் நெரிசலான அறைகளில் தங்க வேண்டியிருந்தது. சம்பளத்தின் ஒரு பகுதி உணவாகவும் உறைவிடமாகவும் கழிந்தது. சிறு தவறுகளுக்கெல்லாம் அபராதம், இரவில் குறித்த நேரத்தில் கதவடைப்பு. வாக்குரிமை குடியிருப்பைப் பொறுத்து அமைந்த அந்தக் காலத்தில், இப்படித் தங்கிய ஆண்களில் பலருக்கு வாக்கும் இல்லாமல் போயிற்று. கடைப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 1891இல் உருவானபோது அது எதிர்த்துப் போராடிய கொடுமைகளில் முக்கியமானது இது. பதினான்கு வயதில் துணிக்கடையில் பயிற்சிக்குச் சேர்ந்து, அந்த அறைகளில் வாழ்ந்து, பின்னர் அதே சங்கத்தின் பொறுப்பாளராக உழைத்த மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் 1929இல் பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

நல்ல வீடுகளைக் கட்டிக்கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது என்று நீங்கள் சொல்லலாம். ரயில் பெட்டி உற்பத்தி செய்த ஜார்ஜ் புல்மேன் 1880இல் சிகாகோவுக்குத் தெற்கே அப்படித்தான் ஒரு நகரத்தையே கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், பூங்கா, நூலகம் என்று எதற்கும் குறை வைக்கவில்லை. 1893இல் பொருளாதார மந்தம் வந்ததும் கூலியைக் குறைத்தார், வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வெடித்த வேலைநிறுத்தம் அமெரிக்காவின் ரயில் போக்குவரத்தையே உலுக்கியது. தொழிற்சாலைக்குத் தேவையில்லாத வீடுகளையும் நிலத்தையும் நிறுவனம் விற்றுவிட வேண்டும் என்று 1898இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செங்கல் எவ்வளவு தரமாக இருந்தாலும் முதலாளியே வீட்டுக்காரராகவும் இருந்தால் சம்பளமும் வாடகையும் அவர் சொன்னபடிதான்.

அந்தக் கணக்கை இன்றும் கடைப் பணியாளர்களின் சம்பளச் சீட்டில் பார்க்கலாம். வியாபாரம் மந்தமான மாதத்தில் வேலை நேரத்தைக் குறைக்கிறீர்கள், சம்பளம் இறங்குகிறது. "தங்குமிடம்" என்ற வரிக்கு நேராக இருக்கும் பிடித்தம் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஏற்ற இறக்கமான வருமானத்தில் நிலையான பிடித்தம் என்பது கடைத்தொழிலுக்கே உரிய தொல்லை. இதைப் பேசாமல் விடுதிக் கட்டடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1961இல் வெளியிட்ட 115ஆம் எண் பரிந்துரையை நீங்கள் படிக்க வேண்டும். முதலாளிகள் நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்று அது கூறுகிறது. ஊர்களிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் தொழிலிடம், அழைத்த உடனே ஆள் வர வேண்டிய பணி போன்றவற்றுக்கே விதிவிலக்கு தருகிறது. வீடு தருவதானால் சங்கம் சேரும் உரிமையை மதிக்க வேண்டும், வாடகையில் கொள்ளை லாபம் இருக்கக் கூடாது என்கிறது. கடைவீதி ஊருக்கு நடுவில் இருக்கிறது. துணியும் செருப்பும் விற்பதற்கு நள்ளிரவில் ஆள் தேவைப்படுவதுமில்லை.

பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று ஒரு பதில் வரும். பாதுகாப்பு எங்களுக்கும் வேண்டும். வெளிச்சமுள்ள பாதை, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, பூட்டுள்ள அலமாரி, இரவு வண்டி ஆகியவை பாதுகாப்பு. யார் எப்போது வந்தார் என்ற குறிப்பு மேற்பார்வையாளரிடம் போவது கண்காணிப்பு. சங்கத்து ஆள் ஒருவர் பார்க்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவதையும் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

முதலில் சம்பளத்தை உயர்த்துங்கள், அதுவே நேர்வழி. விடுதியில் தங்க விரும்பாதவருக்கு அதற்கு ஈடான தொகையை வீட்டுப்படியாகக் கையில் கொடுங்கள். விடுதி நடத்தியே ஆக வேண்டுமென்றால் அதன் நிர்வாகத்தை உங்கள் நிறுவனத்துக்கு வெளியே உள்ள கூட்டுறவு அமைப்பிடமோ அறக்கட்டளையிடமோ ஒப்படையுங்கள். குடியிருப்பு ஒப்பந்தம் வேலை ஒப்பந்தத்திலிருந்து தனியாக, பணியாளருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். அந்த மாதச் சம்பளத்தில் இத்தனை பங்குக்கு மேல் பிடித்தம் இல்லை என்று அதில் எழுதுங்கள். எந்தக் காரணத்தால் வேலை போனாலும் வேறு இடம் தேடுவதற்கு ஒரு மாதமாவது தங்கலாம் என்பதையும் எழுதுங்கள். காலைப் பணிக்குப் போகிறவரையும் கடை சாத்திவிட்டு வருகிறவரையும் ஒரே அறையில் போடாதீர்கள். ஒருவரின் அலாரம் இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், அங்கே தங்கியவர்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தின் வரைவைத் தயாரித்ததும் விடுதியில் இருப்பவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். கேட்கும்போது மேற்பார்வையாளரோ காப்பாளரோ அந்த அறையில் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் விற்பனைப் பணியாளர் ஒருவர்