ஒரே ஒரு தையல்தான், தாயி

அன்புள்ள தாயிக்கு,

மெஷின் வந்துவிட்டது, கோடைக்குப் போட்டுக்கொள்ள ஒரு பாவாடை நானே தைக்கப் போகிறேன், எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “தையல்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு ஊசியில் நூல் கோக்க இப்போதுதான் ஆசை வந்ததாக்கும்” என்று சொல்லிவிட்டு, உடனே போய்ப் பெட்டியைத் திறந்து அவளுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து வைத்தாள். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது. அதைத்தான் அனுப்புகிறேன். நீ கடைக்குப் போய்த் துணி எடுக்க வேண்டாம்.

பழைய சேலை என்று முகம் சுளிக்காதே. முதல் பாவாடைக்கு இதைவிடத் தோதான துணி இல்லை. புதுப் பருத்தித் துணி என்றால் தைப்பதற்கு முன் ஓர் இரவு நனைத்து உலர்த்த வேண்டும். கஞ்சி போய்த் துணி சுருங்கும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது சாதாரணம். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே கணுக்காலில் நின்ற பாவாடை மேலே ஏறிவிடும். இந்தச் சேலை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டது, சாயமும் இனிப் போகாது. இன்னொரு காரணமும் உண்டு. சேலையின் கரையே பாவாடையின் கீழ் விளிம்பு. புதிதாகப் பழகுகிறவர்கள் மிகவும் திணறுவது அந்த அடி மடிப்பில்தான். இரண்டு மீட்டர் சுற்றளவுக்கு ஒரே அகலத்தில் மடித்துத் தைக்கக் கை பழகியிருக்க வேண்டும். கரை இருக்கிறதால் அந்த வேலையே கிடையாது.

ரேயான் துணி மேல் ஆசை இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். உடுத்த நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டும்போது மேஜையில் நழுவி ஓடும். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

உன் அளவு என்னிடம் இருக்கிறது: இடுப்பு 30 அங்குலம், சீட் (பின்புறம் அகலமாக இருக்கும் இடத்துச் சுற்றளவு) 38, இடுப்பிலிருந்து உயரம் 32. இளைத்திருந்தாலும் பெருத்திருந்தாலும் இஞ்ச் டேப்பை வைத்து மறுபடி எடுத்துக்கொள். டேப்பை இறுக்கிப் பிடிக்காதே. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு வாரத்தில் பிரித்துத் தைக்கத் திரும்பி வருவார்கள். சுருக்கு அழகாக விழச் சீட் அளவைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். அது 76 அங்குலம். இணைக்கிற தையலுக்கு இரண்டு அங்குலம் கூட்டு. 78. அகலம் அவ்வளவுதான். உயரத்துக்கு 32 அங்குலமும், மேலே எலாஸ்டிக் நுழைக்க மடிக்கும் ஒன்றரை அங்குலமும் சேர்த்து 33½. ஆக, 78க்கு 33½ என்று ஒரு நீள்சதுரம். சரிவாக வெட்டி இணைக்கும் கலித் துண்டு இல்லை, வளைவு இல்லை, காகிதத்தில் படி எடுக்க வேண்டியதும் இல்லை.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை அவசரமில்லாமல் செய். கீழ்க்கரையில் ஃபால்ஸ் இருக்கிறது, பிளேடு போடாமல் சின்னக் கத்தரிக்கோலால் நூலைப் பிரித்து எடு. பிறகு சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார். கொசுவம் வந்த இடத்தில் கரை தேய்ந்து நூல் இளைத்திருக்கும். அந்தப் பகுதியைத் தவிர்த்து, நெசவு அடர்த்தியாகத் தெரிகிற இடத்தில் 78 அங்குலத்தைக் குறித்துக்கொள். அதன்பின் இஸ்திரி. இது அச்சடித்த சுங்குடி இல்லை, விரலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. இங்கே மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டது. புள்ளிக்குப் புள்ளி வடிவம் கொஞ்சம் மாறியிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் கடையில் இன்று பெரும்பாலும் அச்சுதான் தொங்குகிறது. முடிச்சு இருந்த இடமெல்லாம் துணி சற்றுக் குவிந்து நிற்கும். அதைத் தேய்த்துச் சமன் செய்யாமல் அளந்தால் அளவு பொய் சொல்லும்.

78 அங்குலத்தில் குறுக்கே வெட்டுவதற்கு, ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கிழித்துவிடு. பயப்படாதே. மெல்லிய பருத்தி நூல் போன வழியிலேயே நேராகக் கிழியும், சாக்பீஸ் கோட்டை விட நம்பலாம். உயரத்துக்கு மட்டும் கீழ்க்கரையிலிருந்து 33½ அங்குலத்தை ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு புள்ளியாகக் குறித்து, கோடு போட்டு வெட்டு. வழக்கமாகத் துணியின் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் மேலிருந்து கீழே வருகிற மாதிரிதான் துணியை வைப்போம். இங்கே கரைக்காகப் படுக்கை வசத்தில் வைக்கிறோம். சுருக்குப் பாவாடைக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

மெஷினுக்கு வருவோம். முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகு. மோட்டார் மெஷின் என்பதால் காலை வைத்ததும் பாயும். பாதத்தை மிதியில் வைத்தபடி மெதுவாக அழுத்து. மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் எனக்குத் தையல் வேலை பழக்கியவர், தாளில் நேராக ஓட்டும் வரை துணியைக் கையில் தரவே மாட்டார். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள், பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். துணிக்கு அடியில் நூல் சிக்கிக் குருவிக்கூடு கட்டினால் எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை மறுபடி முதலிலிருந்து கோத்துப் பார். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் இறுக்கும் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காராது.

பாவாடைக்கு இணைப்பு ஒன்றே ஒன்று, பின்பக்கம். ஓரத்தைப் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாமலே பிசிறு தெரியாதபடி தைக்கலாம். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறை ஒட்டக் கத்தரித்துவிட்டு, துணியை உள்பக்கம் திருப்பி, விளிம்பைத் தேய்த்து, இப்போது அரை அங்குலம் விட்டு இன்னொரு தையல். பிசிறெல்லாம் நடுவில் அடைபட்டுவிடும். இரண்டு தடவையும் கரையிலிருந்து தொடங்கி மேலே போ. கரையும் கரையும் கச்சிதமாகச் சேர்ந்தால் போதும், ஏற்ற இறக்கம் ஏதாவது இருந்தால் மேலே போய் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஊருக்குத் தெரிவது கரைதான்.

மேல் ஓரத்தைக் கால் அங்குலம் மடித்துத் தேய், பிறகு ஒன்றேகால் அங்குலம் மடித்துத் தேய், அதன் கீழ் விளிம்பை ஒட்டிச் சுற்றித் தை. பின்பக்க இணைப்புக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் தைக்காமல் விடு. ஓர் அங்குல எலாஸ்டிக்கில் 29 அங்குலம் வெட்டி, ஒரு முனையில் ஊக்கு மாட்டி உள்ளே ஓட்டு. மறுமுனையையும் துணியோடு ஓர் ஊக்கால் பிடித்து வை, இல்லாவிட்டால் அதுவும் உள்ளே ஓடி ஒளியும். முறுக்கு விழாமல் இரண்டு முனையையும் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தைத்துவிட்டு, தைக்காமல் விட்ட இடத்தையும் தைத்து மூடு. கடைசியாகச் சுருக்கைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, இரண்டு விலாப்பக்கமும் எலாஸ்டிக்கோடு சேர்த்து மேலிருந்து கீழே ஒரு சின்னத் தையல் போடு. எலாஸ்டிக் புரளாது. துணி மெல்லியது, வெயிலில் நின்றால் நிழலாடும். உள்ளே ஒரு வெள்ளை உள்பாவாடை போட்டுக்கொள்.

இங்கே கத்திரி தொடங்குவதற்கு முன்பே வெயில் கொளுத்துகிறது. புது மண்டபத்தில் இருந்த காலத்தில் இந்தச் சூடு எங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்ததில்லை. திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென்றே கட்டியது அல்லவா, கல் தூணில் முதுகைச் சாய்த்தால் குளிர்ந்துவிடும். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு மின்விசிறிதான் துணை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்கள் இடுப்புக் கச்சைக்கும் தலை உருமாலுக்கும் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வரை எனக்கு நிமிர நேரம் இருக்காது. சந்தேகம் இருந்தால் பகலில் அழைக்காதே, இரவு ஒன்பதுக்கு மேல் அழை. தைத்ததும் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வெளிப்பக்கத்தை உன் அம்மா பார்த்துக்கொள்வாள்.

மேலே வெட்டி மிஞ்சுகிற பட்டையை எறிந்துவிடாதே, மேல்கரை அதில்தான் இருக்கிறது. ஒரு துணிப்பைக்கு ஆகும். சேலையில் இன்னும் மூன்று மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அதைக் கத்தரிக்காமல் மடித்து வை. தலையணை உறைக்கு வேண்டும் என்று உன் அம்மா இப்போதே கேட்கிறாள். இரண்டாவது பாவாடைக்கு உனக்கே வேண்டும் என்றால் அவளிடம் நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
அப்பா