டிரெயினிங் மிஸ் எழுதுவது

பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி முடிந்து, ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியாயிற்று. கிளம்பிய அன்று எல்லோரிடமும் நின்று பேச முடியவில்லை. அதனால் இந்த மடல். பள்ளி வடசென்னையில் இருக்கும் ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி. பெயர் எழுதவில்லை, உரியவர்களுக்குத் தெரியும்.

முதலில் பத்தாம் வகுப்பு கணக்கு மிஸ்ஸுக்கு. கல்லூரியில் மைக்ரோ டீச்சிங் என்று கூடப் படிப்பவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்துச் சில நிமிடம் பாடம் எடுத்துப் பழகியிருந்தோம். அங்கே யாரும் நடுவில் எழுந்து, "மிஸ், இவன் பேனாவைப் புடுங்கிட்டான்" என்று சொல்வதில்லை. நீங்கள் முதல் வாரம் என்னைப் பாடமே எடுக்க விடவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னீர்கள். போர்டின் அடிப்பகுதியில் எழுதுவது அங்கே தெரிவதே இல்லை என்பதும், ஃபேன் சத்தத்தில் பாதி வாக்கியம் காணாமல் போகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் மெல்லக் கற்கும் பிள்ளைகளை என்னிடம் விட்டீர்கள். பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு 35 போதும் என்கிறபோது இந்த 16 சின்ன விஷயமில்லை. உதவிப்படத்துக்கும் மார்க் உண்டு, அளவுத்திட்டத்தை எழுதாமல் விட்டால் மார்க் போகும், பரவளையத்தை ஸ்கேல் வைத்து இணைக்கவே கூடாது என்று ஒவ்வொன்றாக எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தீர்கள். காம்பஸில் பென்சில் ஆடினால் நூல் சுற்றி இறுக்கும் வித்தை எந்த பி.எட். புத்தகத்திலும் இல்லை.

தேர்வுக்காகப் பயிற்றுவது உண்மையான கற்பித்தல் ஆகுமா என்று கல்லூரியில் வாய் வலிக்க விவாதித்திருக்கிறோம். வடிவொத்த முக்கோணம் ஒன்றைப் பிசிறில்லாமல் வரைந்து முடித்த பையன், அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே ஆயத்தொலை வடிவியலைத் திருப்பி வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வந்தான். அந்த விவாதத்தில் எனக்கு இப்போது பெரிய ஈடுபாடு இல்லை.

தலைமை ஆசிரியை அம்மாவுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. பள்ளி திறந்ததும் புத்தகம் நனைந்தவர்களின் பட்டியல் எடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். கூடவே, "வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லாதே, தனித்தனியாகக் கேள்" என்றீர்கள். அப்படிக் கேட்டதால்தான், புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்று முதலில் தலையாட்டிய இரண்டு பெண்கள், போட்டுக்கொள்ள ஒரே சீருடைதான் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொன்னார்கள். அன்று மாலைக்குள் அதற்கு வழி செய்தீர்கள். எப்படி என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.

பி.இ.டி. சாருக்கு: கடைசி பீரியடில் வகுப்பு கைமீறும்போதெல்லாம் கூப்பிடாமலே வராந்தாவில் ஒரு நடை நடந்ததற்கு. அதட்டியதே இல்லை, நடந்ததோடு சரி. சத்துணவு அக்காவுக்கு: நான் டப்பா கொண்டுவராத நாட்களில் உங்கள் டப்பாவைத் திறந்து நீட்டியதற்கு. ஆயாம்மாவுக்கு: எந்தப் பிள்ளை வீட்டில் என்ன நிலவரம் என்பது எந்த ஆப்பிலும் பதிவாகவில்லை; உங்களுக்குத்தான் தெரிந்திருந்தது. வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போடுவதற்கு முன்னால் உங்களிடம் கேட்கும் பழக்கம் எனக்கு வந்ததே உங்களால்தான்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கும் நன்றி. என்னைப் படுத்தியதில் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. தேர்வு மார்ச் 26 தொடங்குகிறது, கணக்கு ஏப்ரல் 1. அந்தத் தேதியை வைத்து நீங்கள் அடித்த ஜோக்கெல்லாம் போதும். வரைபடத்தாளைப் பார்த்ததும் முதலில் வலது மேல் மூலையில் அளவுத்திட்டத்தை எழுதிவிடுங்கள், மிச்சம் அப்புறம். பென்சிலை முந்தின நாளே சீவி வையுங்கள். ரிசல்ட் வந்ததும் கணக்கு மிஸ் போனிலிருந்து என்னைக் கூப்பிடுங்கள். மார்க் குறைந்துபோனாலும் கூப்பிடுங்கள், துணைத்தேர்வுக்குச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டிரெயினிங் மிஸ்
ஜனவரி 2024