தேதி முடிந்ததும் ஆளை அனுப்பிவிடாதீர்கள்

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் கடையும் உணவகமும் கிடங்கும் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு வணக்கம்.

அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிடம் ஒர்க் பர்மிட்டில், அதாவது ஒரு குறிப்பிட்ட தேதிவரை செல்லும் வேலை அனுமதியில், வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி இருந்தவன். பர்மிட் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன், பணம் கட்டிய ரசீதும் கையில் இருந்தது, ஆனாலும் அந்தத் தேதிக்கு மறுநாள் காலை முதலாளி என் பர்மிட் நகலை மேசையில் விரித்து, கடைசித் தேதி இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, பேப்பர் வந்தாப் பிறகு வாங்கோ" என்றார். மனசு கேட்காமல், "அதுவரைக்கும் வேணுமெண்டா கையில காசாத் தாறன்" என்றும் சொன்னார். நல்ல மனிதர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் அன்று அவர் சொன்ன இரண்டுமே தப்பு.

அந்தத் தேதியோடு கதை முடிவதில்லை. பர்மிட் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, கனடாவை விட்டு வெளியே போகாமல் இருப்பவர், முடிவு வரும்வரை பழைய பர்மிட்டின் அதே நிபந்தனைகளில் வேலையைத் தொடரலாம். குடிவரவு விதிமுறைகளில் 186-ஆம் விதியின் 'யூ' பிரிவு இதைத்தான் சொல்கிறது. முன்பு இம்ப்ளைடு ஸ்டேட்டஸ் என்றார்கள், இப்போது மெயின்டெயின்டு ஸ்டேட்டஸ் என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை செய்ய அனுமதி இல்லாத ஒருவரை வைத்துக்கொண்டால் சட்டப்படி 50,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு. அதனால்தான் சொல்கிறேன், ஆளை அனுப்பாதீர்கள், அதற்குப் பதிலாக ஆதாரத்தைக் கேளுங்கள். விண்ணப்பம் போன தேதி தெரியும் உறுதிப்படுத்தல், கட்டணம் கட்டிய ரசீது, பழைய பர்மிட், இந்த மூன்றையும் நகலெடுத்து அவருடைய ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவுத் துறை அனுப்பும் வேலை அனுமதிக் கடிதம் வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்திலும் ஒரு தேதி இருக்கும், அது கடந்தாலும் முடிவு வரவில்லை என்றால் உரிமை போய்விடாது. இதைப் பார்த்துப் பயந்து ஆளை நிறுத்தியவர்களும் உண்டு.

அப்புறம் சின் நம்பர், அதாவது சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் சமூகக் காப்பீட்டு எண். தற்காலிகமாக இருப்பவர்களின் எண் 9-இல் தொடங்கும், பர்மிட் முடியும் அன்றே அதற்கும் காலாவதி. சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் சிவப்பாக எதையோ காட்டியதும் கணக்கு பார்ப்பவர் சம்பளத்தை நிறுத்திவிடுகிறார். தயவுசெய்து அவரிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லுங்கள்.

காசாகத் தருகிறேன் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உதவி என்று நினைத்துத்தான் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். கனடிய அனுபவப் பிரிவில் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கேட்க, கடந்த மூன்று வருடத்துக்குள் ஒரு வருட, அதாவது 1,560 மணி நேர, திறன் சார்ந்த வேலை வேண்டும், அதுவும் அனுமதியோடு செய்த வேலையாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டும், வருடச் சம்பளத்தைக் காட்டும் டி4 வரிப் படிவமும் இல்லாமல் கையில் வாங்கிய காசுக்கு உழைத்த மணி நேரத்தை அந்தப் பிள்ளை எதைக் காட்டி நிரூபிப்பான்? சட்டப்படி தொடர்ந்திருக்கக்கூடிய வேலையை நாமே மறைவு வேலை மாதிரி ஆக்கிவிடுகிறோம். நான் அன்று காசை வாங்கவில்லை. ஆனால் வாடகை நாள் நெருங்கும்போது எல்லாராலும் அப்படி மறுக்க முடியாது.

முன்பெல்லாம் அமெரிக்க எல்லையில் இருக்கும் நயாகரா ரெயின்போ பாலம் வரை காரில் போய்த் திரும்பி, எல்லையிலேயே புதுப் பர்மிட்டை வாங்கி வந்தவர்கள் உண்டு. 2024 டிசம்பர் 23-க்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, அந்த வழி அடைபட்டுவிட்டது. அதே வருட அக்டோபரில் 2025-க்கான பி.ஆர். இலக்கையும் 5,00,000-இலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தார்கள். ஆக, இன்றைக்கு உங்கள் கடையில் நிற்பவர்கள் முன்பைவிட நீண்ட நாள் காத்திருக்கிறார்கள், அந்த நாட்களெல்லாம் உங்கள் சம்பளச் சீட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அகதிகளாக வந்து உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்த கதை உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் எத்தனையோ பேர் ஒரு கடிதத்துக்காகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

பி.ஆருக்கு வேலைக் கடிதம் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். பதவி, செய்யும் வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், வேலைக்குச் சேர்ந்த தேதி, இவை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஒருவேளை விண்ணப்பிக்காமலே தேதியைத் தவறவிட்டிருந்தால் அது வேறு விஷயம். அந்தஸ்தை மீட்டுத் தரச் சொல்லிக் கேட்க 90 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அது கிடைக்கும்வரை வேலை செய்யவே கூடாது. அப்படி நடக்காமல் இருக்க, இந்த வாரமே உங்கள் ஆட்களின் பர்மிட் நகல்களை எடுத்துப் பாருங்கள். நான்கு மாதத்துக்குள் முடிகிறவர்களைக் கூப்பிட்டு, "விண்ணப்பம் போட்டாச்சா, ரசீது எங்கே?" என்று கேளுங்கள்.