மிஷினை மாற்றினால் ஒரு வரி எழுதுங்கள்

கடலூர், புதுச்சேரி லேப் உரிமையாளர்களுக்கும், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் டாக்டர்களுக்கும்,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரைச் சீட்டோடு ரிப்போர்ட்டையும் நீட்டி, "நார்மலா பாருங்க தம்பி" என்று தினமும் யாராவது கேட்பார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். தைராய்டு மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறவர். பழைய ரிப்போர்ட்டில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் 8.1, புதியதில் 104. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த அலகு மாறியிருந்தது. டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம், லிட்டருக்கு நானோமோல் ஆகிவிட்டது. 8.1ஐ 12.87ஆல் பெருக்கினால் 104தான். ஹார்மோன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அலகு மாறினால் கால்குலேட்டர் போதும். மிஷின் மாறி, பரிசோதனை முறையே மாறினால் அதுவும் உதவாது. ஹார்மோனைப் பிடிக்க ஒவ்வொரு கம்பெனியின் டெஸ்ட் கிட்டிலும் வேறு ஆன்டிபாடி, அதாவது ஹார்மோனில் ஒட்டிக்கொள்ளும் புரதம். ஒரே ரத்தத்துக்கு இரண்டு மிஷினில் இரண்டு எண் வரும், அதில் யார் தப்பும் இல்லை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சுக்கு ஒரு கம்பெனி 0.27 முதல் 4.2 வரை நார்மல் என்கிறது, இன்னொன்று 0.55 முதல் 4.78 வரை என்கிறது. 4.5 என்ற எண் முதல் தாளில் தடித்த எழுத்தில் மிரட்டும், இரண்டாவதில் சாதுவாக இருக்கும். நீங்களோ போன வருடத்து எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். அதைப் பார்த்து 50 மைக்ரோகிராம் மாத்திரை 75 ஆகிறது. அப்புறம் படபடப்பு என்று என்னிடமே வருகிறார்கள்.

லேப்களுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்ஏபிஎல் முத்திரை போடுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முறையை மாற்றினால் நார்மல் எல்லையையும் மறுபடி பார்க்க வேண்டும், மாற்றத்தைச் சொல்லவும் வேண்டும் என்று மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையிலேயே இருக்கிறது. நீங்கள் அதை ஃபைலில் எழுதியும் வைத்திருக்கலாம். ஃபைல் உங்கள் அலமாரியில். எங்கள் கைக்கு வருவது ஒரு தாள்.

அந்தத் தாளில் ஒரு வரி போதும்: "இந்தத் தேதியிலிருந்து பரிசோதனை முறை மாறியுள்ளது, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்." தமிழில் போடுங்கள். ஆறு மாதமாவது போடுங்கள். தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, நோய் திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ள ரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தடவை பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். அவர்களுக்கு எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் எல்லாமே.

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். முடி கொட்டுகிறது என்று 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை என் கடையில்தான் வாங்குகிறார்கள். சில கிட்டுகளில் பயோட்டினை வைத்துத்தான் ஹார்மோனை அளக்கிறார்கள் என்பதால், அதைச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரித்த விஷயம் இது. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்துங்கள் என்று இப்போது கவரிலேயே எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் லேபில் ரத்தம் எடுக்கிற பிள்ளையும், கையில் ரப்பரைக் கட்டுவதற்கு முன்னால் "முடிக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா" என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் மருந்துக்கடைக்காரர்