இறுதிக்காலத்தில் ஊர் திரும்ப வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கு, கிழக்கு, மலையகக் கிராமங்களிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்து, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் உறவினர் வீடுகளில் தங்குவோரில் சிலர், இனிக் குணமாக்க இயலாது என்று வைத்தியர்கள் கூறிய பின்னரும் ஊர் திரும்பாமலே கொழும்பில் காலமாகின்றனர்.

நல்ல சாவு எது என்பதில் எங்கள் ஊர்களில் இரண்டு கருத்தில்லை. பாயில் கிடந்து அழுந்தாமல், பிள்ளைகள் வாயில் பால் விட, பக்கத்தில் ஒருவர் சிவபுராணம் படிக்க, சொந்த வீட்டில் சீவன் போகவேண்டும். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும். வேலித் தகராற்றில் முகம் பாராதிருந்த அயலவர் வந்து இரண்டு வார்த்தை பேசுவதும் இதில் அடங்கும். அவர் அதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறப்போவதில்லை.

கிளிநொச்சியில் வயல் செய்த எம் உறவினர் ஒருவர், இங்கே மூன்றாம் மாடி அறையில் படுத்திருந்தபடி மகனிடம் தொலைபேசியில் நாள்தோறும் விசாரித்தது இரணைமடுக் குளம் வான் பாய்கிறதா என்பதைத்தான். வேன் பிடிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. நடுச்சாமத்தில் நோவு கூடினால் யாரிடம் ஓடுவது என்ற பயமே குடும்பத்தை மறித்தது. கடைசியில் அவர் பெட்டியில்தான் ஏ9 வீதியால் ஊர் போனார்.

அந்த நோவைத் தணிக்கும் மோர்பின் மாத்திரை, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, விலை கூடியதுமன்று. அதைக் கொடுத்தால் உயிர் முந்திப் போய்விடும் என்று நம்மவர் அஞ்சுவதுண்டு. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அவ்வாறு நேர்வதில்லை. 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்த கேரளத்தில், உள்ளூராட்சி மன்றங்களின் துணையுடன் தாதியர் நோயாளரின் வீடுகளுக்கே செல்கின்றனர். கர்ப்பிணித் தாயைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தரை ஒழுங்கைவரை அனுப்பும் நமது நாட்டுக்கு இது இயலாத காரியமா?

நோயாளரை வீட்டுக்கு அனுப்பும்போதே, மருந்தை எப்போது, எவ்வளவு கொடுப்பதென்பதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதையும், ஊருக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையில் அம்மருந்து தடையின்றிக் கிடைப்பதையும் சுகாதார அமைச்சு முதலில் உறுதிசெய்ய வேண்டும். வீடு தேடி வரும் தாதியரை நியமிப்பதற்குக் காலம் எடுக்கலாம். இவ்விரண்டுக்கும் அவ்வளவு காலம் தேவையில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.