மைக்ரோவேவ் இல்லாத அடுப்படியிலிருந்து

மதிப்புக்குரிய சுகாதாரக் கல்விப் பிரிவினருக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில், கருகிய இறைச்சி தின்றால் கணையப் புற்றுநோய் வரலாம் என்று பேசி, பிரசுரமும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். தயவுசெய்து திரும்பவும் வாருங்கள். இந்தத் தடவை எங்கள் அடுப்படியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சொன்னது பொய்யில்லை. 150 பாகை செல்சியஸுக்கு மேல் பொரித்தாலோ வாட்டினாலோ இறைச்சியில் ஹெட்டரோசைக்ளிக் அமைன்கள் என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்கள் கூடுகின்றன. கொழுப்பு தணலில் சொட்டினால் எழும் புகையிலும் நச்சு உண்டு. அதற்காக, வாட்டுமுன் மைக்ரோவேவில் பாதி வேகவைக்கச் சொன்னீர்களே, அது யாருக்கு? எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கேத்தலும் அயனும் ஒன்றாகப் போட்டாலே கரண்ட் போய்விடும். எங்களுக்கு இறைச்சி சம்பளத்துக்கும் தீபாவளிக்கும்தான், அதுவும் பெரும்பாலும் குழம்பு. கொதிக்கும் குழம்பு 100 பாகையை ஒட்டியே நிற்பதால் இந்த அமைன்கள் அதில் மிகக் குறைவு. அந்த நல்ல செய்தியை ஏன் சொல்லவில்லை? விறகடுப்புக்கு மேல் புகையில் தொங்கும் உப்புக்கண்டம் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்து லயத்து அக்கா ஒருவர், மேல்வயிற்று வலி முதுகுக்கு ஓடுகிறதென்று டிஸ்பென்சரிக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் வயிற்றெரிச்சலுக்கான கேஸ்ட்ரிக் குளிசைதான். கண் மஞ்சளான பிறகே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள், அப்புறம் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. கணையத்தில் புற்றுநோய். உங்கள் பிரசுரம் வந்ததிலிருந்து சனம் "கருகினத தின்னுதான் வந்துச்சு" என்கிறது. "நான்தானே அம்மாவுக்குப் பொரிச்சுக் குடுத்தேன், அதாலயா?" என்று மகள் என்னிடம் கேட்கிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2015இல் சிவப்பு இறைச்சி பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றுதான் சொன்னது. அதிலும் முக்கிய சான்று பெருங்குடலுக்கு. கணையத்தோடு தொடர்பு தென்படுகிறது என்ற அளவுதான். சிகரெட்டுக்கு உள்ள சான்று இதைவிட உறுதி. பிரசுரத்தில் அதற்கு ஒரே ஒரு வரி!

புகைபோக்கி கேட்டு லயத்துச் சனம் மனுக் கொடுத்தால் பதிலே வராது, பிரசுரம் மட்டும் கலர் கலராக வரும். சரி, அது உங்கள் கையில் இல்லை.

உங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். எங்கள் அடுப்படிக்கு ஏற்றபடி பேசுங்கள். எந்த வலிக்கு ஸ்கேன் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், டிஸ்பென்சரிக்காரரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது. போன தடவை காலை பதினொரு மணிக்கு வந்தீர்கள், சமைக்கிற பெண்கள் எல்லாரும் அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவர்