புவியியலை ஏன் விட்டீங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில வந்த ஏ லெவல் பாடத்தெரிவுக் கட்டுரையை வாசிச்சன். மெடிசின், எஞ்சினியரிங், எக்கணமிக்ஸ் எல்லாம் விரிவா இருந்தது, புவியியலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. லண்டனில இருக்கிற தமிழ்ப் பெற்றார் கனபேர் உங்கட பத்திரிகையைப் பாத்துத்தான் பிள்ளையளோட கதைக்கினம், அதால தான் எழுதுறன்.

எங்கட ஆக்கள் இங்க வந்து இவ்வளவு காலமாகியும் மனசில ஊர் ஏ எல் தான் நிக்குது. அங்க பயோ, மெத்ஸ், கொமர்ஸ், கடைசியா ஆர்ட்ஸ், அந்த ஆர்ட்ஸுக்குள்ள புவியியல். இங்க அப்பிடிப் பிரிவே இல்லை, மூண்டு பாடத்தை எப்பிடியும் சேர்க்கலாம். மெடிசினுக்குக் கனக்க யூனிவர்சிற்றியள் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் கேக்கும், மூண்டாவது அனேகமா பிள்ளையின்ர விருப்பம். ரசல் குரூப் எண்ட, ஆராய்ச்சிக்குப் பேர்போன யூனிவர்சிற்றியளின்ர கூட்டமைப்பு 2019 வரைக்கும் வச்சிருந்த முக்கிய பாடப் பட்டியல்ல மெத்ஸ், பிசிக்ஸோட ஜியோகிரபியும் இருந்தது எண்டதை எத்தினை பேர் கவனிச்சவை?

ஆறையும் தலைநகரத்தையும் பாடமாக்கிற படிப்பு எண்டு நினைக்கிறது தான் பெரிய பிழை. 2016ல புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு கேள்வியை எடுத்து ஆய்வு செய்து எழுதோணும், மொத்த மார்க்கில 20 வீதம் அதுக்கு, குறைஞ்சது நாலு நாள் வெளியில போய்ச் செய்யிற களவேலையும் கட்டாயம். ஒரு பிள்ளை கடற்கரையில கல்லளக்கும், இன்னொரு பிள்ளை ஈஸ்ட் ஹாம் மாதிரி ஒரு இடத்தில கடைத்தெரு எப்பிடி மாறினது எண்டு ஆக்களிட்டக் கேக்கும், பிறகு அந்த டேட்டாவை ஸ்பியர்மன் ரேங்க் (ரெண்டு விசயத்துக்கு இடையில தொடர்பு இருக்கோ எண்டு பாக்கிற கணக்கு) அது இது எண்டு போட்டுப் பாத்து அதை எவ்வளவு தூரம் நம்பலாம் எண்டும் தானே எழுதோணும். ரியூசன் நோட்ஸை வச்சு இதைச் செய்யேலாது.

என்ர மகள் இப்ப இயர் 13, ஏ லெவலின்ர கடைசி வருசம். ஹோல்டர்னெஸ் எண்டு தொடங்கினாவெண்டா நிப்பாட்டமாட்டா. யோர்க்‌ஷயரின்ர கிழக்குக் கரை அது, பனியுகத்தில பனியாறு கொண்டுவந்து விட்ட களிமண், சராசரியா வருசத்துக்கு ரெண்டு மீட்டர் அளவு கடல் எடுக்குது. 1991ல மாப்பிள்டன் எண்ட சின்ன ஊரையும் அதின்ர ரோட்டையும் காப்பாத்த சுமார் ரெண்டு மில்லியன் பவுண்ஸ் செலவழிச்சு பாறையால ரெண்டு தடுப்பணை போட்டவை. ஊர் தப்பிச்சுது, ஆனா கரையோரமாத் தெற்க போற மண்ணை அணை மறிச்சதால அங்கால கௌடன் பக்கம் இருந்த பண்ணைக் காணி இன்னும் வேகமாக் கடலுக்குள்ள போச்சு. அப்ப ஆரின்ர வீட்டைக் காக்கிறது, ஆரின்ர காணியை விடுறது, ஆர் அதை முடிவெடுக்கிறது? பதினேழு வயசுப் பிள்ளை இதை நியாயத்தோட எழுதப் பழகுறது சின்ன விசயம் இல்லை.

சுனாமியும் இயற்கை அனர்த்தப் பகுதியில படிக்கினம். 2004 டிசம்பர் 26 சுமாத்திராவுக்குக் கிட்ட 9.1 அளவில நிலம் நடுங்கி, அலை எங்கட கிழக்குக் கரைக்கு வர ரெண்டு மணித்தியாலம் அளவில எடுத்தது, பசிபிக்கில இருந்த எச்சரிக்கை ஏற்பாடு அப்ப இந்து சமுத்திரத்தில இல்லை. முல்லைத்தீவில சொந்தங்களைப் பறிகுடுத்த குடும்பத்துப் பிள்ளையள் இங்க இருக்கினம். வீட்டில நாங்கள் விதி எண்டு சொல்லி விட்டதை, எவ்வளவு இயற்கை செய்தது, எவ்வளவு மனுசர் செய்யாமல் விட்டது எண்டு பிரிச்சுப் பாக்க அந்தப் பிள்ளையளுக்கு ஒரு இடம் இதில தான் கிடைக்குது.

இன்னொண்டு, காசு. ட்ரிப்புக்கு எவ்வளவு எண்டு கேட்டவுடனே வேண்டாம் எண்டு சொல்லுற தாய் தகப்பனை எனக்குத் தெரியும், அவையைக் குறை சொல்லேலாது. ஆனா இங்கிலாந்தில அரச பள்ளிக்கூடம் பரீட்சைக்குத் தேவையான களப்பயணத்துக்கு தங்குற செலவு, சாப்பாடு தவிர வேற ஒண்டுக்கும் கட்டாயமாக் காசு கேக்கேலாது, விரும்பினாத் தாங்கோ எண்டு தான் கேக்கலாம். யூனிவர்சல் கிரெடிட் மாதிரி சில உதவி எடுக்கிற ஆக்களுக்குத் தங்குற செலவும் இல்லை. அதைவிட 16 தொடக்கம் 19 வயசு வரைக்கும் காசுக் கஷ்டமான பிள்ளையளுக்குக் குடுக்கிற பர்சரி நிதி இருக்கு, பள்ளிக்கூடத்தில கேக்கோணும். நான் கேட்டறிஞ்ச அளவில எங்கட ஆக்கள் இதைக் கேக்கவே வெக்கப்படுகினம்.

ஓகஸ்ட்ல ஜிசிஎஸ்இ (ஏ லெவலுக்கு முந்தின பரீட்சை) றிசல்ட் வர முதல் இந்தக் காசு விதியளையாவது ஒரு பக்கத்தில போடுங்கோ. முடிஞ்சா வெள்ளத் தடுப்பு, நகரத் திட்டமிடல், இன்சூரன்ஸ் கொம்பனி எண்டு புவியியல் படிச்சு வேலை செய்யிற எங்கட இளம் ஆக்கள் ஒண்டு ரெண்டு பேரைத் தேடிப் பேட்டியும் எடுங்கோ, பெற்றார் என்ர கடிதத்தைவிட அவையின்ர சொல்லைக் கேப்பினம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹரோ